பட்டறை பதில்கள்: முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் 4×4 (நான்கு சக்கரமும் ஓட்டும்) வண்டிகளைப் பற்றி எழுதிய கடிதங்களைப் பிரித்து வைத்தபோது ஒன்று தெரிந்தது. லிவர் சிக்குகிறது, ஸ்டீயரிங் இறுகுகிறது, ஹவுசிங்கில் (அச்சின் நடுவில் பற்சக்கரங்கள் இருக்கும் கூட்டில்) சத்தம் என்று கேள்வி எங்கே ஆரம்பித்தாலும் பாதிக்கு மேல் டயர் அளவில்தான் போய் நிற்கிறது. இந்த இதழின் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: எங்களிடம் 4×4 பிக்கப் இருக்கிறது. பின்னால் பாரம் ஏற்றுவதால் பின் டயர் இரண்டையும் 235/75 ஆர்15 ஆக மாற்றினோம். முன்னால் பழைய 215/75 ஆர்15 அப்படியே இருக்கிறது. ரிம் இரண்டுக்கும் 15தான், ஒன்றும் ஆகாது என்றார் டயர் கடைக்காரர். மழையில் வத்தல்மலைக்குப் போனபோது 4-எச் (நான்கு சக்கரமும் ஓட்டும் நிலை) போட்டோம். மேலே போய்ச் சேர்ந்த பிறகு லிவர் 2-எச்சுக்கு (பின் சக்கரம் மட்டும் ஓட்டும் நிலைக்கு) திரும்பவே இல்லை. என்ன கோளாறு?
(பென்னாகரம் வாசகர்)

பதில்: ரிம் ஒன்றாக இருப்பதை வைத்து டயர் அளவு ஒன்று என்று சொல்ல முடியாது. வண்டி பார்ப்பது டயரின் வெளிச் சுற்றளவை மட்டும்தான். கணக்கு எளிது. 215/75 ஆர்15 என்றால் அகலம் 215 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161.25 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 322.5. ரிம் 15 அங்குலம், அது 381 மி.மீ. மொத்த விட்டம் 703.5 மி.மீ. இதே கணக்கில் 235/75 ஆர்15 போட்டால் 733.5 வருகிறது. 30 மி.மீ. வித்தியாசம், 4 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல்.

அகலம் கூடினால் பக்கச்சுவரும் சேர்ந்தே உயரும். ஏனென்றால் 75 என்ற எண் மி.மீ. கணக்கு இல்லை, அகலத்தில் சதவீதம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

இப்போது ஒரு கிலோமீட்டர் ஓட்டுவோம். பின் சக்கரம் 434 சுற்று சுற்றும். முன் சக்கரம் 452 சுற்று சுற்றியாக வேண்டும். 2-எச்சில் இதனால் தொல்லை இல்லை. முன் சக்கரம் தன் போக்கில் உருண்டுகொள்ளும். 4-எச் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரிக்கும் பெட்டி), அச்சுக்குப் பலம் கொண்டுபோகும் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே தண்டு போலப் பூட்டிவிடும். உங்கள் வகை வண்டியில் நடுவில் டிஃப்ரன்ஷியல் (இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். கிலோமீட்டருக்கு 18 சுற்று பாக்கி விழுகிறது. ஹவுசிங் விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்பது) 4 என்று வைத்தால் ஷாஃப்டில் அது 70 சுற்றுக்கு மேல். வெறும் நூறு மீட்டரிலேயே ஏழு சுற்று.

அந்தப் பாக்கியை யாராவது அடைத்தாக வேண்டும். சேற்றிலும் சரளையிலும் டயர் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி அடைத்துவிடும். தார் ரோட்டில் டயர் பிடித்துக்கொள்கிறது. அப்போது ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும், யு-ஜாயின்ட் கிராஸ் (ஷாஃப்டின் மூட்டில் உள்ள சிலுவை வடிவத் துண்டு) இறுகும், செயின் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸாக இருந்தால் செயின் இழுபடும். பெரிய பின் டயர் வண்டியைத் தள்ள, சின்ன முன் டயர் தேவையான அளவு சுற்ற முடியாமல் பிரேக் போட்டதுபோல் இழுபட்டுக்கொண்டே வரும். எஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு உங்கள் முன் டயரைத் தேய்க்கவே செலவாகிறது. ஈரத் தாரில் இழுபடும் முன் சக்கரம் ஸ்டீயரிங் சொன்னபடி திரும்பாது. மலைப்பாதையில் இதைவிட ஆபத்து வேறு வேண்டாம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் உள்ள பிக்கப், கொண்டை ஊசி வளைவில் பின் அச்சு 6 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் முன் அச்சு 6.7 மீட்டர் ஆரத்தில் திரும்பும். 12 சதவீத வித்தியாசம். அதாவது நான்கு டயரும் புதிதாய், ஒரே அளவாய் இருந்தாலும் தார் வளைவில் 4-எச் கூடாது. உங்கள் வண்டியில் சின்ன டயர் முன்னால் இருப்பதால் இந்த 12-உம் அந்த 4-உம் ஒரே திசையில் சேர்ந்துகொண்டன. லிவர் சிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சிக்கிய லிவரை அடித்தோ, பைப்பை மாட்டி நெம்பியோ எடுக்காதீர்கள். உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்துவிடும். சமதளத்தில் ஸ்டீயரிங்கை நேராக வைத்து, ரிவர்ஸில் 5 முதல் 10 மீட்டர் மெதுவாகப் போங்கள். வண்டி உருளும்போதே கிளட்சை மிதித்து லிவரைத் தள்ளினால் பெரும்பாலும் விட்டுவிடும். விடவில்லையா? ஒரு பக்கத்துச் சக்கரங்களை ரோட்டோர மண்ணில் இறக்கி மறுபடி அதையே செய்யுங்கள். கடைசி வழி ஜாக்கி. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினால் முறுக்கு விட்டுப்போகும். தூக்கும்போது அந்தச் சக்கரம் திடீரென்று சுற்றும். கை, கால், சேலை, துண்டு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. சரிவில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலை இறக்கிப் பாருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். செதிலாகவோ ஊசியாகவோ இரும்பு வந்தால் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஆயில் கருகிய வாடை அடித்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு ஷாஃப்டையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் முறுக்குங்கள். கிராஸில் "டிக்" என்று ஆட்டம் கேட்டாலோ, கப் ஓரத்தில் துருப்பொடி தெரிந்தாலோ அந்தக் கிராஸ் முடிந்தது.

தீர்வு, நான்கும் ஒரே அளவு. எந்த அளவு என்பதை ஓட்டுநர் கதவின் ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரும் வண்டியின் கையேடும் சொல்லும். பாரம் தாங்குவதுதான் உங்கள் கவலை என்றால் அகலத்தைப் பார்க்காமல் பக்கச்சுவரில் உள்ள லோடு இன்டெக்ஸ் எண்ணையும் (தாங்கும் எடைக்கான குறியீடு) பிளை ரேட்டிங்கையும் (டயரின் வலுவுக்கான அளவு) பாருங்கள். அதே 215-இலேயே கூடுதல் பாரம் தாங்கும் டயர் கிடைக்கும். அதுவரை வண்டியை 2-எச்சில் மட்டும் ஓட்டுங்கள். சேற்றில் மாட்டினால் 4-எச் போட்டு நேராகச் சில மீட்டர் வெளியே வந்து, உடனே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர் தன் மஹிந்திரா தார் ஜீப்பிலிருந்து கழற்றிய 18 அங்குல அலாய் வீல் இரண்டு, டயரோடு சும்மா கிடைக்கிறது. என் தாரில் 16 அங்குலம். இரண்டுமே கம்பெனி கொடுத்த அளவுதானே, பின்னால் மட்டும் மாட்டலாமா?
(காவேரிப்பட்டினம் வாசகர்)

பதில்: மாட்டாதீர்கள். 2020-இல் வந்த தாரில் கம்பெனி இரண்டு அளவு கொடுத்தது உண்மை. ஆனால் ஒரு வண்டிக்கு நான்குமே 245/75 ஆர்16, இல்லையென்றால் நான்குமே 255/65 ஆர்18. முதலாவதின் விட்டம் 774 மி.மீ., இரண்டாவது 789. கிட்டத்தட்ட 2 சதவீதம். 4-எச்சுக்கு இது அதிகம்.

ரிம்மின் எண் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு தார் ராக்ஸ் நல்ல உதாரணம். அதில் 255/65 ஆர்18-உம் வருகிறது, 255/60 ஆர்19-உம் வருகிறது. ரிம் ஒரு அங்குலம் வேறு. ஆனால் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் விட்டம் 789 மி.மீ.தான். பக்கச்சுவரைக் குறைத்து ரிம்மைக் கூட்டியிருக்கிறார்கள். (அதற்காக இவற்றையும் கலந்து மாட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கச்சுவர் உயரம் மாறினால் வளைவில் டயர் சாயும் விதமும் மாறும்.)

நண்பரிடம் இன்னும் இரண்டு இருந்தால் நான்கையும் வாங்கி மாட்டுங்கள். ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

கேள்வி: குவாரிக்குப் போய்வரும் 4×4. கிரானைட் சில்லு குத்திப் பின் டயர் ஒன்றின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டது. நான்கும் 235/70 ஆர்16, ஒரே கம்பெனி. பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் புதிதாக வாங்கினால் போதுமா, இரண்டா, நான்குமா? நான்கு வாங்கப் பணம் புரட்டுவது கஷ்டம்.
(பர்கூர் வாசகர்)

பதில்: பக்கச்சுவர் கிழிந்த டயருக்கு ஒட்டு வேண்டாம் என்பது முதல் விஷயம். இனி அளவுக்கு வருவோம்.

ஒரே எண் எழுதிய டயரும் தேயத் தேயச் சின்னதாகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. புது டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) ஆழம் 9 மி.மீ., உங்கள் பழைய டயரில் 4 மி.மீ. என்றால் 5 மி.மீ. வித்தியாசம். ஆனால் அது டயரின் மேலும் உண்டு, கீழும் உண்டு. விட்டத்தில் 10 மி.மீ. 235/70 ஆர்16-இன் விட்டம் 735 மி.மீ. ஆகவே வித்தியாசம் 1.3 சதவீதத்தைத் தாண்டுகிறது. அளவே மாற்றாமல் அளவு மாறிவிட்டது.

ஒன்று மட்டும் வாங்கிப் பின்னால் போட்டால் இடது வலது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுற்றும். நேர் ரோட்டில் சும்மா இருக்க வேண்டிய டிஃப்ரன்ஷியல் பினியன்கள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் லாக்கிங் டிஃப்ரன்ஷியலோ லிமிடெட் ஸ்லிப்போ (இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் அல்லது வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் வகை) இருந்தால் இன்னும் மோசம். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி, ஒரே பட்டன், ஏறக்குறைய ஒரே தேய்மானம். இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

உங்கள் செலவைக் குறைக்க வழி இருக்கிறது. ஸ்டெப்னியைக் கீழே இறக்கி அதன் பட்டன் ஆழத்தை அளங்கள். மற்ற மூன்றோடு 2 மி.மீ.க்குள் இருந்தால் அதையே மாட்டிவிட்டு, புது டயர் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டெப்னி தொடப்படாத புதிதாக இருந்தால், அதே கம்பெனி, அதே பட்டனில் இன்னொன்று வாங்கிப் பின்னால் ஜோடியாகப் போடுங்கள். நல்ல நிலையில் மிஞ்சும் பழைய பின் டயர் ஸ்டெப்னி ஆகட்டும். புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். மழை ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைப் பிடிக்க முடியாது. அப்படிப் போட்ட பிறகு 4-எச்சை மண்ணில் மட்டும், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். முன் ஜோடி எப்படியும் சீக்கிரம் மாற்ற வேண்டி வரும். காருக்கும் ஜீப்புக்கும் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ.; குவாரிக் கல்லில் அதுவரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: இந்தச் சதவீதமெல்லாம் வீட்டில் எப்படி அளப்பது? பழைய டயருக்குக் கணக்குப் போட்டால் சரியாக வருமா?
(ஊத்தங்கரை வாசகர்)

பதில்: வராது. பக்கச்சுவரில் உள்ள எண்ணை வைத்துப் போடும் கணக்கு பாரம் இல்லாத புது டயருக்கு. பாரத்தில் அமுங்கி உருளும்போது சுற்றளவு சுமார் 3 சதவீதம் குறையும். கம்பெனிக்குக் கம்பெனியும் சில மி.மீ. மாறும். அதனால் உருட்டி அளப்பதுதான் சரி.

கேழ்வரகு காயப்போடும் சிமென்ட் களம் போல 15 மீட்டர் சமதளம் போதும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், நான்கு டயரிலும் கையேட்டில் சொன்ன காற்றை அடியுங்கள். 2-எச், ஸ்டீயரிங் நேராக. டயர் தரையைத் தொடும் நடு இடத்துக்கு நேராகப் பக்கச்சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு, அதே இடத்தில் தரையிலும் ஒன்று. முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனியாகப் போடுங்கள். ஆள் வைத்து வண்டியைத் தள்ளி, ஒவ்வொரு டயரின் கோடும் ஐந்தாவது முறை சரியாகக் கீழே வரும் இடத்தைத் தரையில் குறியுங்கள். டேப்பால் அளங்கள். ஒரு சுற்றை மட்டும் அளந்தால் கோடு போடுவதில் வரும் பிசகே விடையைக் கெடுத்துவிடும். ஐந்து சுற்றில் அது கரைந்துவிடும்.

735 மி.மீ. விட்டமுள்ள டயர் ஐந்து சுற்றில் 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகும். முன்னுக்கும் பின்னுக்கும் 5 செ.மீ.க்குள் வித்தியாசம் என்றால் அரை சதவீதத்துக்குள், நிம்மதியாக இருக்கலாம். 11 செ.மீ. என்றால் ஒரு சதவீதம். மண்ணில் 4-எச் சமாளிக்கும். 22 செ.மீ. தாண்டினால், சேற்றில் மாட்டி நேராகச் சில மீட்டர் வெளியே வருவதற்குத் தவிர, டயரைச் சரிசெய்யும் வரை 4-எச் லிவரைத் தொடாதீர்கள்.

கேள்வி: 4 வீல் டிரைவ் டிராக்டர். முன்னால் 8.3-20, பின்னால் 13.6-28 (அங்குலத்தில் அகலமும் ரிம்மும்) இருந்தது. பின் டயர் தேய்ந்ததும் இழுவை கூடட்டும் என்று 14.9-28 போட்டோம். இப்போது 4 வீல் போட்டால் முன்னால் ஒரு முனகல் சத்தம், முன் டயரும் வேகமாகத் தேய்கிறது. டிராக்டரில்தான் முன்னும் பின்னும் எப்படியும் வேறு அளவு ஆயிற்றே, இதில் என்ன தப்பு?
(ராயக்கோட்டை வாசகர்)

பதில்: வேறு அளவுதான். ஆனால் அந்த வேறுபாட்டுக்குத் தக்கபடி முன் அச்சின் பற்சக்கரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் முன் சக்கரம் எத்தனை சுற்ற வேண்டும் என்பது தொழிற்சாலையிலேயே முடிவான கணக்கு. அதிலும் முன் டயர் பின் டயரைவிடத் துளி வேகமாக, பொதுவாக 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதலாக ஓடும்படி வைப்பார்கள். இதற்கு லீட் என்று பெயர். முன் டயர் எப்போதும் வண்டியை இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

13.6-இலிருந்து 14.9-க்குப் போனதில் பின் டயரின் சுற்றளவு சுமார் 4 சதவீதம் கூடிவிட்டது. உங்கள் டிராக்டருக்கு 3 சதவீத லீட் இருந்திருந்தால் இப்போது அது கழிந்து ஒரு சதவீதம் பாதாளத்தில் இருக்கிறது. முன் டயர் இழுக்கவில்லை, பின் டயரால் தள்ளப்படுகிறது. முன் அச்சுப் பற்கள் தலைகீழ்ப் பக்கத்தில் அழுந்துவதால்தான் முனகல். இழுவை கூட வேண்டும் என்று போட்ட டயர், முன் அச்சின் இழுவையைப் பறித்துக்கொண்டது.

நீங்களே அளந்துவிடலாம். முதலில் கெட்டித் தரையில் 4 வீலை எடுத்துவிட்டு, பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் வரை மெதுவாக நேரே ஓட்டுங்கள். கூட ஒருவர் நடந்து வந்து முன் சக்கரத்தின் சுற்றை எண்ணட்டும். கடைசி அரைகுறைச் சுற்றைப் பட்டன் எண்ணிக் கணக்கிடலாம்: ஒரு பக்கத்தில் மொத்தம் எத்தனை பட்டன், அதில் எத்தனை கடந்தது என்று. பிறகு உழுத பொலபொலப்பான மண்ணில் 4 வீல் போட்டு அதேபோல் எண்ணுங்கள். உதாரணத்துக்கு, எடுத்தபோது 14.2, போட்டபோது 14.6 என்றால் 14.6-ஐ 14.2-ஆல் வகுக்க 1.028, லீட் 2.8 சதவீதம், நல்ல நிலை. போட்டபோது வரும் எண் சிறியதாக இருந்தால் டயர் ஜோடி தப்பு.

டிராக்டர் கையேட்டில் எந்த முன் டயருக்கு எந்தப் பின் டயர் என்ற பட்டியல் இருக்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடி கொடுத்திருப்பார்கள். 14.9-28-ஐ வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் அதற்குச் சொல்லப்பட்ட முன் டயரை வாங்குங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால் 13.6-க்குத் திரும்புங்கள்.

பின் டயர் மொட்டையாகி, முன் டயர் மட்டும் புதிதாக இருந்தாலும் கெடுதல்தான், ஆனால் எதிர்த் திசையில். லீட் அளவுக்கு மீறி ஏறி, முன் டயர் மண்ணைச் சுரண்டும். இன்னொரு விஷயம்: தக்காளி கிரேட் ஏற்றிய டிரெய்லரோடு தார் ரோட்டில் போகும்போது 4 வீலை எடுத்துவிடுங்கள். லீட் வயலுக்காக வைத்தது. ரோட்டில் அது முன் டயரைத் தின்றுவிடும்.

கேள்வி: ஏலத்தில் எடுத்த பழைய ஜீப். நான்கும் புது 6.00-16 நைலான் டயர், உருட்டி அளந்தும் பார்த்துவிட்டோம், வித்தியாசமே இல்லை. ஆனாலும் 4-எச்சில் மண் ரோட்டிலேயே இழுத்துப் பிடித்ததுபோல் ஓடுகிறது, ஒரு கிராஸும் உடைந்துவிட்டது.
(அரூர் வாசகர்)

பதில்: டயரைச் சந்தேகித்து அளந்தது சரியான முதல் படி. அது தேறிவிட்டதால் அடுத்து ஹவுசிங்கைப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் யாரோ எப்போதோ வேறு வண்டியின் பின் ஹவுசிங்கையோ, வேறு கிரவுன் பினியனையோ (ஹவுசிங்குக்குள் விகிதத்தைத் தீர்மானிக்கும் பற்சக்கர ஜோடி) போட்டிருப்பார்கள். ஜீப் வகை அச்சுகளில் 43-க்கு 8 பல் வைத்த 5.38-உம் உண்டு, 39-க்கு 8 வைத்த 4.88-உம் உண்டு, 47-க்கு 11 வைத்த 4.27-உம் உண்டு. முன்னால் 5.38, பின்னால் 4.88 என்றால் 10 சதவீத வித்தியாசம். டயர் மாறியதால் மட்டும் பெரும்பாலும் இவ்வளவு வராது.

திறக்காமலே கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். மறு பின் சக்கரம் தரையிலேயே இருக்கட்டும்; அதற்கும் இரண்டு பக்கமும் கட்டை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் எடுத்து இருக்க வேண்டும். ஷாஃப்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் டிஃப்ரன்ஷியல் பாதியைத் தின்றுவிடும். ஆகவே ஷாஃப்ட் சுற்றிய எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் விகிதம். 48-உம் முக்காலும் வந்தால் 4.88, 53-உம் முக்காலும் வந்தால் 5.38. முன் அச்சுக்கும், இப்போது பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இதையே செய்யுங்கள். முன் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) லாக் இருந்தால் இரண்டையும் லாக்கில் போட்ட பிறகு.

இரண்டு விகிதமும் வேறு என்றால் ஒன்றின் கிரவுன் பினியனை மற்றதற்குப் பொருத்தமாக மாற்றுவதுதான் வழி. கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து இடைவெளி சரிபார்க்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள். அதுவரை 4-எச் கூடவே கூடாது.

கேள்வி: ஸ்டெப்னி மட்டும் பழைய அளவு, சிறியது. ஒகேனக்கல் போகும் வழியில் பஞ்சர் ஆனால் எந்தச் சக்கரத்தில் போடலாம்?
(பாலக்கோடு வாசகர்)

பதில்: 2-எச்சில் பின் சக்கரம் ஓட்டும் வண்டியானால் முன்னால் போடுங்கள். பின் டயர் பஞ்சரானால், முன்னாலிருந்து நல்ல டயர் ஒன்றைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் ஹவுசிங் பிழைக்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும். ஏபிஎஸ் விளக்கு எரியலாம். வேகத்தைக் குறைத்து, அடுத்த பஞ்சர் கடை வரை மட்டும் போங்கள். 4-எச் வேண்டாம்.

கேள்வி: ஓசூரில் இருக்கிறேன். எங்கள் கார் ஆல் வீல் டிரைவ், 4-எச் லிவர் எதுவும் இல்லை, தானாகவே இயங்கும். முன் டயர் இரண்டு மட்டும் தேய்ந்துவிட்டது. இரண்டு மட்டும் மாற்றலாமா?
(வாசகி, ஓசூர்)

பதில்: உங்கள் வகையில் நாங்கள் இன்னும் கண்டிப்பாக இருப்போம். மேலே எழுதியவர்களுக்கு 4-எச்சை எடுத்துவிடும் வசதி இருக்கிறது. உங்களுக்கு அது கிடையாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் இருக்கும் கிளட்ச் கப்ளிங், சக்கர வேகம் மாறினால் ஏதோ ஒன்று வழுக்குகிறது என்று எண்ணிப் பிடிக்கப் பார்க்கும். தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக அப்படிப் பிடித்துக்கொண்டே போனால் சூடாகும், ஆயில் கெடும், தட்டுகள் தேயும். அதைச் சரிசெய்யும் செலவுக்கு நான்கு டயர் தாராளமாக வாங்கலாம்.

பின் டயரின் பட்டன் ஆழத்தை முதலில் அளங்கள். புது டயருக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் அனுமதி என்று உங்கள் கார் கையேட்டில் இருந்தால் அதுவே முடிவு. இல்லையென்றால் 2 மி.மீ.ஐ எல்லையாக வையுங்கள். அதற்கு மேல் போனால் நான்கும் மாற்றுங்கள். வண்டி நின்றுபோனாலும் இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்துப் போகும் மீட்பு வண்டி வேண்டாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டை வண்டியைக் கேளுங்கள். அதே காரணம்தான்.

கேள்வி: நான்கையும் பெரிய டயராக மாற்றினால் பிரச்சினை இல்லைதானே?
(கெலமங்கலம் வாசகர்)

பதில்: டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பிரச்சினை இல்லை. மற்றவற்றுக்கு உண்டு. 215/75-இலிருந்து 235/75 போனால் மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 83. ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக் கூடுதலாக உழைக்கும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசலாம். 3 சதவீதத்துக்கு மேல் போகாதீர்கள். கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான்.

கேள்வி: ஐந்து டயரும் ஒன்றுபோலத் தேய எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?
(தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை செய்யுங்கள். பின் இடது முன் இடதுக்கு, பின் வலது முன் வலதுக்கு நேராகப் போகும். முன் இடது குறுக்காகப் பின் வலதுக்கு. முன் வலது ஸ்டெப்னி ஆகும். ஸ்டெப்னி பின் இடதுக்கு வரும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவற்றை அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டும் மாற்றலாம். மாட்டிய பிறகு வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து டயரின் பட்டன் ஆழத்தையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த டயர் கிழியும்போது ஒன்று வாங்குவதா இரண்டு வாங்குவதா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.